தேவ சித்தம் என்று வழக்கை விட்டுவிடவா?

கேள்வி: எங்கள் சபையில் கீபோர்டு வாசித்துவந்த என் தம்பி, குடிபோதையில் ஓட்டிவந்த லாரி மோதி இறந்துவிட்டான். ஓட்டுநர் ஜாமீனில் வந்து மறுபடி லாரி ஓட்டுகிறார். அடக்க ஆராதனையிலேயே "தேவ சித்தம்" என்றார்கள். வீட்டு ஜெபத்துக்கு வந்த மூப்பர் ஒருவர், குடும்பத்தில் மறைவான பாவம் ஏதும் உண்டா என்று அம்மாவிடம் கேட்டார். அன்றிலிருந்து அம்மா பழையதையெல்லாம் கிளறி அழுகிறார். அப்பா வழக்குக்கு அலைந்தால், "பழிவாங்குதல் தேவனுக்குரியது, விட்டுவிடுங்கள்" என்கிறார்கள். எல்லாம் அவர் கையில் என்றால் அந்த லாரியும் அவர் கையில்தானே? ஆராதனையில் பாட்டுத் தொடங்கினாலே எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். விசுவாசத்தை இழக்கிறேனா?

– வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அம்மா. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, "அப்படியல்ல" என்றார் இயேசு. லூக்கா 13-ஐ அம்மாவோடு உட்கார்ந்து வாசியுங்கள். மூப்பருக்கும் வாசித்துக் காட்டலாம். அம்மா சாப்பிடாமல், தூங்காமல் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தால், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கூடவே ஜெபமும் பண்ணுங்கள்.

லாரியைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இருக்கிறது என்பவர்களை நான் நம்புவதும் இல்லை. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. முடிவில், தமக்காக வாதாடிய அவர்கள்மேல்தான் கர்த்தருக்குக் கோபம் மூண்டது. யோபுவுக்கோ கடைசிவரை காரணம் சொல்லப்படவே இல்லை. 88-ம் சங்கீதமும் ஆறுதல் இல்லாமலே முடிகிறது, அதுவும் ஜெபம்தான். ஆகவே, பாட வராவிட்டால் பாடவேண்டாம். கதவோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

வழக்கை விடவேண்டாம். பழிவாங்குதலைத் தேவனிடம் விடச் சொல்லும் ரோமர் 12-க்கு அடுத்த அதிகாரமே, தீமை செய்பவனைத் தண்டிக்கும் அரசாங்க அதிகாரமும் தேவனால் ஏற்பட்டதே என்கிறது. அப்பா அரிவாளோடா போகிறார்? நீதிமன்றத்துக்குத்தானே! நியாயாதிபதியை விடாமல் தொந்தரவு செய்த விதவையை இயேசு உதாரணமாகவே காட்டினார். இழப்பீட்டுக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் தனி மனு போடவேண்டும், அதற்குக் காலக்கெடு உண்டு. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல்களோடு இந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள். செலவுக்கு வழியில்லை என்றால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அம்மா பெயரில் விண்ணப்பியுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.