இலங்கை இராணுவத்தினர் செய்த பாலியல் வன்முறைக்கு வெளிநாட்டில் நீதி கிடைக்குமா? ஜெனீவாவை, அதாவது அங்குள்ள ஐ.நா. மனித உரிமைப் பேரவையை, நம்பிப் பயன் உண்டா?

நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். பத்து வருடத்துக்கு மேலாக வாக்குமூலங்களை மொழிபெயர்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

வன்னியில் இருந்து ஒரு அக்கா வந்தார். "ஆமிக்காரன் என்னைப் பழுதாக்கிப் போட்டான் பிள்ளை" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. அவர் முன்பு கொடுத்த முறைப்பாட்டின் பிரதியை வாங்கிப் பார்த்தேன். சிங்களத்தில், "படையினர் தொந்தரவு செய்தார்கள்" என்று ஒரே வரி. எழுதினவர் திருப்பிக் கேட்கவில்லை. அக்கா தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். நீதி முதலில் தொலைவது இந்த இடத்தில்தான். ஜெனீவா எல்லாம் பிறகு.

ருவாண்டா வழக்கை நான் அடிக்கடி நினைப்பதும் இதனால்தான். 1994 இனப்படுகொலைக்காக விசாரிக்கப்பட்ட அக்காயேசு என்ற மேயருக்கு எதிரான குற்றப்பத்திரத்தில் முதலில் வன்புணர்வே இல்லை. வேறு விடயத்துக்குச் சாட்சி சொல்ல வந்த பெண்கள் அதைச் சொன்னார்கள், நீதிபதிகள் காதுகொடுத்தார்கள். 1997 இல் குற்றப்பத்திரம் திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று, வன்புணர்வும் இனப்படுகொலையின் ஒரு செயலாக முடியும் என்று சர்வதேச நீதிமன்றம் ஒன்று முதன்முறையாகத் தீர்ப்புச் சொன்னது. அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம்பிள்ளை, டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூலை 3 அன்று, கொழும்பு மேல் நீதிமன்றம் யாழ்ப்பாண மாணவி கிருசாந்தியின் வழக்கில் படையினருக்கு மரண தண்டனை விதித்திருந்தது. 1996 செப்டம்பரில் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய பதினெட்டு வயதுப் பிள்ளையைச் செம்மணிச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். தேடிப்போன தாய், தம்பி, அயலவர் எல்லோரையும் கொன்றார்கள். செம்மணியில் இன்னும் நூற்றுக்கணக்கானவர்களைப் புதைத்திருக்கிறோம் என்று குற்றவாளி ஒருவர் வாய் திறந்ததும் அந்த வழக்கில்தான். ஆகவே இந்த நாட்டில் முடியவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விசுவமடு வழக்கையும் பாருங்கள். 2010 இல் நடந்த கூட்டு வன்புணர்வுக்கு நான்கு இராணுவத்தினருக்கு யாழ். மேல் நீதிமன்றம் 2015 இல் சிறைத்தண்டனை கொடுத்தது. 2019 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நான்கு பேரையும் விடுவித்தது. அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை.

சரி, வெளிநாடு? ஹேக்கில் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சட்டத்தில் இலங்கை சேரவில்லை. இலங்கை அரசு தானாகச் சம்மதிக்காவிட்டால், பொதுவாக ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பினால்தான் ஹேக் நீதிமன்றம் தொடலாம், அங்கே வல்லரசுகளின் வீட்டோ (தடுக்கும் அதிகாரம்) இருக்கிறது. நான் அதை எதிர்பார்த்து இருக்கவில்லை. நம்புவது வேறொன்றை: ஜெனீவாவில் 2021 இல் நிறைவேறிய 46/1 தீர்மானத்துக்குப் பிறகு ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாத்து வருகிறது. குற்றம் எந்த நாட்டில் நடந்திருந்தாலும் விசாரிக்கும் சட்டம் உள்ள நாடுகளுக்கு அது உதவும். சிரியாவின் புலனாய்வு அதிகாரி ஒருவரை ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் 2022 இல் தண்டித்தபோது, தடுப்புக்காவலில் நடந்த பாலியல் வன்முறையும் மானுடத்துக்கு எதிரான குற்றமாகக் கணக்கில் வந்தது. குவாத்தமாலாவில் இராணுவம் அடிமைகளாக வைத்திருந்த மாயா இனப் பெண்கள், முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு, முப்பது வருடத்துக்குப் பிறகு சொந்த நாட்டு நீதிமன்றத்திலேயே வென்றார்கள். அது 2016.

எங்களுக்கு முப்பது வருடம் இல்லை என்பதுதான் என் பயம். இங்குள்ள குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 456ஆம் பிரிவுப்படி, கொலையும் தேசத்துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்குப் பொதுவாக இருபது வருடத்துக்குப் பிறகு வழக்குப் போட முடியாது. ரோம் சட்டத்தில் அப்படிக் காலவரையறை கிடையாது. இந்தப் பிரிவை மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் இப்போது அவசரம். இதைப் பற்றி எங்கள் ஆட்களே பேசுவது குறைவு.

உங்களுக்குத் தெரிந்த யாராவது சொல்ல விரும்பினால், அவரது தமிழிலேயே எழுதி வையுங்கள். திகதி, இடம், முகாமின் பெயர், சீருடையில் கண்ட அடையாளம், ஆஸ்பத்திரித் துண்டு. ஆண்களுக்கும் நடந்தது, அவர்களையும் கேளுங்கள். ஒருவரையும் வற்புறுத்த வேண்டாம்.

அக்காவின் வாக்குமூலத்தைப் புதிதாக எழுதினோம். "பழுதாக்கிப் போட்டான்" என்பதை அப்படியே வைத்து, அதன் பொருள் வன்புணர்வு என்று கீழே விளக்கினேன். பழைய கிளினிக் கொப்பி ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதில் இருந்த திகதிப்படி அவருக்கு 2029 மார்ச் வரை இருக்கிறது.