மகள் நாவல் எழுதப் போகிறாள், என்ன படிக்க வைப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

பிளஸ் டூ முடித்த மகள், கோவையில் மில் வேலைக்குப் போன தன் அம்மாயியின் காலத்தை வைத்து நாவல் எழுதப் போவதாகச் சொல்கிறாள், சோற்றுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கையே முதலில் பார்ப்போம். தமிழில் ராயல்டி வழக்கமாக 10 சதவீதம். 300 ரூபாய் நாவல் ஆயிரம் பிரதி விற்றால் 30,000 ரூபாய். இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அவளிடமும் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அதற்காக எழுதாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றிய 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற டி. செல்வராஜ், அதே ஊரில் வழக்கறிஞராக இருந்தவர். 'அஞ்ஞாடி'க்காக 2014இல் அவ்விருதைப் பெற்ற பூமணி, கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தவர். சம்பளத்துக்கு ஒரு வேலை வைத்துக்கொண்டுதான் இருவருமே எழுதினார்கள்.

உங்கள் மகளுக்கு பி.ஏ. வரலாறு பொருந்தும். அரசு கலைக் கல்லூரியில் செலவும் குறைவு. பிறகு நூலக அறிவியல் படித்தால் நூலகம், ஆவணக் காப்பகம் பக்கம் வேலை தேடலாம், பி.எட். முடித்தால் ஆசிரியர் வேலை. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கும் வரலாறு கைகொடுக்கும். என்னைக் கேட்டால் நூலக அறிவியலைத்தான் சொல்வேன். பழைய செய்தித்தாள்களுக்கும் கோப்புகளுக்கும் நடுவில் இருப்பதற்குச் சம்பளமும் கிடைக்கிறதென்றால், இப்படி எழுத நினைக்கிற பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

கல்லூரி திறக்கும் வரை அவள் சும்மா இருக்க வேண்டாம். அம்மாயி பேசுவதை செல்போனில் பதிவு செய்யட்டும். "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். எத்தனை மணிச் சங்குக்கு எழுந்தீர்கள், தூக்குப்போசியில் என்ன இருந்தது, பஞ்சுத் தூசிக்கு மூக்கை எதால் மூடினீர்கள், கைக்குழந்தையை யாரிடம் விட்டீர்கள், முதல் சம்பளம் யார் கைக்குப் போனது என்று கேட்கட்டும். சம்பளச் சீட்டு, பி.எஃப். காகிதம், பழைய ரேஷன் கார்டு இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

நினைவு மட்டும் போதாது என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டும். 1930களில் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு கோவையில் ஆலைகள் பெருகியதும், 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர் நால்வர் தூக்கிலிடப்பட்டதும் அம்மாயிக்குச் செவிவழிச் செய்தியாகவே இருக்கும். அவற்றுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் போக வேண்டும். பி.ஏ. படிக்கும்போதே ஒரு விடுமுறையில் கூட்டிப் போய்வாருங்கள்.