காப்புரிமையை நம்பிப் பங்கு வாங்கலாமா?

கேள்வி: சார், ஆயிரக்கணக்கில் காப்புரிமை (பேட்டன்ட்) வைத்திருக்கும் தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்கு நீண்ட காலத்துக்குப் பாதுகாப்பானதுதானே?

பதில்: எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள். காப்புரிமைக்கு ஆயுள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுதான். அனுமதி கிடைக்கவே சில ஆண்டுகள் ஓடிவிடும். அப்புறம் அந்தத் தொழில்நுட்பம் சந்தையில் பரவ வேண்டும். காசு பார்க்கும் காலம் நினைப்பதைவிடக் குறைவு. கேமரா, ஃபிலிம் நிறுவனமான கோடாக்கைப் பாருங்கள். திவால் நடவடிக்கையில் இருந்தபோது, டிஜிட்டல் படத் தொழில்நுட்பக் காப்புரிமைகள் சுமார் 1,100-ஐ விற்றார்கள். 200 கோடி டாலருக்கு மேல் போகும் என்று பேச்சு. 2012 கடைசியில் படிந்த விலை சுமார் 52.5 கோடி டாலர். விற்பவருக்கு அவசரம் என்பது வாங்குபவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி: ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2011-ல் கனடா தொலைத்தொடர்பு நிறுவனமான நார்டெலின் காப்புரிமைகள் 450 கோடி டாலருக்குப் போனதே?

பதில்: போனது. சுமார் 6,000 காப்புரிமைகள்; ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், சோனி, எரிக்சன் உள்ளிட்ட கூட்டணி வாங்கியது. ஆனால் யாருக்குப் போனது அந்தப் பணம்? நார்டெல் ஏற்கெனவே திவால். கடன் கொடுத்தவர்கள், ஓய்வூதியக்காரர்கள் என்று வரிசை நின்றது. பங்கு வைத்திருந்தவர்கள் கைக்கு ஒன்றும் வரவில்லை. காப்புரிமைக்கு நல்ல விலை கிடைப்பது வேறு, பங்குதாரருக்கு லாபம் வருவது வேறு.

கேள்வி: போன் சிப் நிறுவனமான குவால்காம் இத்தனை ஆண்டு தாக்குப் பிடிப்பது எப்படி?

பதில்: அங்கே வருமானத்தில் பெரும்பகுதி சிப் விற்பனையில் வருகிறது. காப்புரிமையைப் பயன்படுத்த மற்ற நிறுவனங்கள் கட்டும் உரிமத் தொகை அதைவிடச் சிறியதுதான், ஆனால் செலவு குறைவு என்பதால் லாப விகிதம் மிக அதிகம். அவர்களுடைய சிப் இல்லாத போனுக்கும் உரிமத் தொகை உண்டு. இது பிடிக்காமல்தான் ஆப்பிள் 2017-ல் வழக்குக்குப் போனது. 2019 ஏப்ரலில் சமரசம்: ஆறு ஆண்டு உரிம ஒப்பந்தம், வேண்டுமானால் இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம். அன்று ஒரே நாளில் குவால்காம் பங்கு 20 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. ஒரு வாடிக்கையாளரின் கையெழுத்துக்கு அவ்வளவு எடை! இதைப் பலமாகப் பார்ப்பவர்கள் உண்டு, எனக்கு அது ஆபத்தாகவும் தெரிகிறது. என் பார்வையில் அவர்களின் உண்மையான சொத்து, 3ஜி, 4ஜி, 5ஜி என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாக ஆராய்ந்து புதிதாகக் காப்புரிமை எடுத்துக்கொண்டே வந்ததுதான். பழையது காலாவதியாகும் முன் புதியது வந்து நின்றுவிடுகிறது. ஆராய்ச்சிச் செலவைக் குறைத்து லாபம் காட்டும் உரிம நிறுவனத்தை நான் தொடமாட்டேன்.

கேள்வி: பெரிய நிறுவனத்தை எதிர்த்து வழக்கில் ஜெயித்த சின்ன நிறுவனத்தின் பங்கு?

பதில்: வேண்டாம். 2020-ல் ஆப்பிளுக்கு எதிராக விர்னெட்எக்ஸ் நிறுவனத்துக்கு 50.28 கோடி டாலர் என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. 2023-ல் மேல்முறையீட்டில் எல்லாம் போயிற்று, அந்தக் காப்புரிமைகளே செல்லாது என்பதால்.

கேள்வி: ஆர்ம் நிறுவனமும் இதே ரகமா ஐயா?

பதில்: முழுக்க இல்லை. அவர்கள் உரிமம் தருவது சிப் வடிவமைப்புக்கு. அதைச் சுற்றி உலகம் முழுக்க மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. காப்புரிமை தீர்ந்தாலும் அந்தப் பழக்கம் ஒரே நாளில் மாறாது. அதற்காக என்ன விலைக்கும் வாங்கலாம் என்று அர்த்தமில்லை.

கேள்வி: ஆண்டறிக்கையில் முதலில் எதைப் பார்க்க?

பதில்: பழைய பாக்கி. வழக்கு முடிந்ததும் பல ஆண்டு உரிமத் தொகை நிலுவை மொத்தமாக ஒரே காலாண்டில் கணக்கில் ஏறிவிடும். உதாரணத்துக்கு, 100 கோடி வருமானத்தில் 60 கோடி நிலுவை என்றால், தொடர்ந்து வரக்கூடியது 40 கோடிதான். நூறை வைத்துக் கணக்குப் போட்டால் பங்கு மலிவாகத் தெரியும், நாற்பதை வைத்துப் போட்டுப் பாருங்கள். அடுத்து, பெரிய ஒப்பந்தங்கள் எந்த ஆண்டு முடிகின்றன என்று தேடுங்கள். பெரும்பாலும் அபாயங்கள் பற்றிய பகுதியில் இருக்கும்.