கேள்வி-பதில்: காலையில் 3 விநாடி, மதியம் எத்தனை?

கேள்வி: எங்கள் செக்கில் கடலை எண்ணெயைப் பாட்டிலில் நிரப்ப 555 ஐசி (நேரம் கணக்கிடும் சிப்) வைத்து ஒரு டைமர் செய்தேன். பட்டனை அழுத்தினால் சொலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறக்கும் வால்வு) 3 விநாடி திறந்து மூட வேண்டும். காலையில் சரியாக நிரம்புகிறது, மதியம் வழிகிறது. எனக்கு புரோகிராம் எழுதத் தெரியாது. வெறும் ஐசிகளை வைத்தே துல்லியமாகச் செய்ய வழி உண்டா?
- ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: 555 மேல் பழி போடும் முன் செல்போன் ஸ்டாப்வாட்சை எடுத்து, காலையிலும் மதியமும் வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று நாலைந்து தடவை பாருங்கள். வெயில் ஏறினால் எண்ணெய் இளகும், அதே 3 விநாடியில் கூடுதலாக இறங்கும். அப்படியென்றால் டைமரை என்ன செய்தும் பயனில்லை, தராசுதான் வேண்டும்.

நேரமே மாறுகிறது என்றால் கெப்பாசிட்டர்தான் ஆள். 555 தரும் நேரம் 1.1 × ரெசிஸ்டர் × கெப்பாசிட்டர். 3 விநாடிக்கு எலக்ட்ரோலிட்டிக் வகை கெப்பாசிட்டர்தான் போட்டிருப்பீர்கள், அதன் மேல் அச்சடித்த மதிப்பே 20 சதவீதம் முன்னே பின்னே இருக்கும், சூட்டுக்கும் வயசுக்கும் வேறு நகரும். பிரீசெட்டை (நேரத்தைச் சரிசெய்யத் திருகும் ரெசிஸ்டர்) எத்தனை நாள்தான் திருகுவது? கெப்பாசிட்டர் நிறைவதைப் பார்த்து நேரம் சொல்வதை விட்டுவிட்டு எண்ண ஆரம்பியுங்கள்.

பழைய சுவர்க் கடிகாரத்துக்குள் இருக்குமே, அந்த 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் (விநாடிக்கு அத்தனை முறை சீராகத் துடிக்கும் குவார்ட்ஸ் துண்டு) போதும். அதை சிடி4060-இல் (கிரிஸ்டலை ஓட வைத்து அதன் துடிப்பை வகுத்துத் தரும் ஐசி) மாட்டினால் 14-ஆம் பின்னில் 256-ஆல் வகுபட்டு 128 ஹெர்ட்ஸ் வரும். இதைப் பக்கத்தில் ஒரு சிடி4040-க்கு (துடிப்புகளை எண்ணும் ஐசி) கொடுங்கள். 3 விநாடிக்கு 384 துடிப்பு, அதாவது 256 + 128. ஆகவே 4040-இன் 12 (256-க்கானது), 13-ஆம் (128-க்கானது) பின்கள் இரண்டும் ஒன்றாக ஹை (மின்னழுத்தம் உள்ள நிலை) ஆகும் நொடிதான் நமக்கு வேண்டிய நொடி. அதை ஒரு ஆண்ட் கேட் (இரண்டு உள்ளீடும் ஹை ஆனால் மட்டுமே ஹை தருவது, சிடி4081) பிடித்துக் கொடுக்கும்.

வால்வை அந்த கேட்டோடு நேராகக் கட்டாதீர்கள். நடுவில் ஒரு சிடி4013 ஃபிளிப்ஃபிளாப் (கடைசி நிலையை நினைவில் வைக்கும் ஐசி): பட்டன் அதை ஹை ஆக்கும், ஆண்ட் கேட் ரீசெட் செய்யும், அதன் வெளியீடு மாஸ்ஃபெட் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வழியாக வால்வை ஓட்டும் (வால்வுக்குக் குறுக்கே 1என்4007 டயோடை மறக்க வேண்டாம்). தலைகீழ் வெளியீட்டை 4040-இன் ரீசெட்டுக்குக் கொடுத்துவிட்டால், பட்டன் அழுத்தாத நேரமெல்லாம் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நிற்கும்.

4060-ஐ மட்டும் ரீசெட் செய்யவே கூடாது. செய்தால் உள்ளே ஆசிலேட்டரும் நின்றுவிடும், இந்தச் சின்ன கிரிஸ்டல் மறுபடி ஓட ஆரம்பிக்க கொஞ்ச நேரம் எடுக்கும், அந்தத் தாமதம் ஒவ்வொரு பாட்டிலிலும் ஏறும். அது பாட்டுக்கு ஓடட்டும். ஆனால் நீங்கள் அழுத்தும் கணமும் கிளாக்கும் ஒத்துப்போகாது, அதனால் ஒரு துடிப்பு வரை, சுமார் 8 மில்லிவிநாடி, நேரம் குறையலாம். 128-க்குப் பதில் 1 ஹெர்ட்ஸில் எண்ணியிருந்தால் ஒரு முழு விநாடியே போயிருக்கும்! பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம், பட்டனை 3 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து விட்டால், விடும்போது பட்டனுக்குள் தகடுகள் பட்டுப்பட்டு விலகும் துள்ளலில் வால்வு மறுபடி திறக்கும். 10 கிலோஓம் ரெசிஸ்டர், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு சிடி4093 கேட் போட்டு அதை அடக்குங்கள்.

கேள்வி: இதையெல்லாம் ஆர்டுயினோவில் (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டு) 5 வரியில் முடிக்கலாமே?
- ஒரு மாணவர், திருச்சி

பதில்: தாராளமாக. ஆனால் ஆர்டுயினோ வகைகளில் ஒன்றான ஊனோ ஆர்3 போர்டில் முக்கிய சிப்புக்கு இருப்பது கிரிஸ்டல் இல்லை, செராமிக் ரெசனேட்டர். அரை சதவீதம் வரை தப்பலாம், 3 விநாடிக்கு 15 மில்லிவிநாடி. சுவர்க் கடிகாரக் கிரிஸ்டல் இதைவிடப் பல மடங்கு துல்லியம். எண்ணெய்க்கு இரண்டுமே போதும், காங்கேயம் வாசகருக்குத்தான் புரோகிராம் எழுதத் தெரியாதாம்.