குளக்கரையில் பற்றரித் தொகுதி வந்தால் தண்ணீர் பவுசர் போதுமா?

கிளிநொச்சிப் பக்கம் குளத்துக்கு அருகே சூரிய மின் நிலையமும் கொள்கலன் அளவுப் பற்றரிகளும் வந்தால், தீப்பிடிக்கும்போது பிரதேச சபையின் பவுசர் (தண்ணீர் கொண்டுவரும் தாங்கி வண்டி) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. பற்றரிக்குள் அடுக்கியிருக்கும் லிதியம் கலங்களில் ஒன்று அளவுமீறிச் சூடானால் உள்ளேயே வேதிவினை தொடங்கி அடுத்த கலத்தையும் சூடாக்கும். வெளியே சுவாலை அணைந்தாலும் பல மணி நேரம் கழித்துத் திரும்பப் பற்றக்கூடும். ஆனால் நெருப்பைவிட எனக்குப் பயம் வாயுதான். சோற்றுப்பானை ஆவிபோல வெள்ளையாக வரும். அதில் ஐதரசனும் காபனோரொட்சைட்டும் இருக்கும். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் இப்படியான பற்றரி நிலையம் ஒன்றின் கதவைத் தீயணைப்பு வீரர்கள் திறந்த சிறிது நேரத்தில் அந்த வாயு வெடித்தது. நால்வர் படுகாயம்.

அதனால் வாயுவைக் கண்டறியும் கருவி, அதை வெளியேற்றும் வழி, கொள்கலன்களுக்கு இடையில் போதிய இடைவெளி எல்லாம் வரைபடத்திலேயே இருக்கவேண்டும். தீப்பற்றிய கொள்கலனை எரியவிட்டு, பக்கத்தில் உள்ளதைத் தண்ணீரால் குளிர்விப்பதே இப்போது பலரும் பின்பற்றும் முறை. கேட்கக் கோபம் வரும், ஆனால் அதுதான் சரி.

அப்புறம் அந்தத் தண்ணீர் எங்கே ஓடும்? வாய்க்கால் வழியே வயலுக்குப் போகாதபடி வரம்பு கட்டித் தேக்கவேண்டும். காற்றையும் பாருங்கள்: சோளகத்தில் (தென்மேற்குக் காற்றில்) புகை வடகிழக்கே போகும், வாடையில் (வடகிழக்குக் காற்றில்) தென்மேற்கே. அந்த இரு பக்கத்தில் எதிலாவது பள்ளிக்கூடம் இருந்தால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். கோடையில் வேலியோரக் காய்ந்த புல்லை வெட்டுவது யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.