20 பல்பில் 4 போனால் கடைக்காரர் சொன்னது பொய்யா?

கேள்வி: ரிச்சி தெருவில் ஒரு கடையில் 20 எல்இடி பல்பு மொத்தமாக வாங்கினேன். "நூத்துக்கு அஞ்சு போறது சகஜம் சார், ஆனா விலை பாதி" என்றார். ஒரு மாதத்துக்குள் 4 போய்விட்டன. மாற்றித் தர மாட்டேன் என்கிறார். ஏமாந்துவிட்டேனா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: நூற்றுக்கு ஐந்து என்றால் இருபதுக்கு ஒன்று. உங்களுக்கு நாலு போயிருக்கிறது, கோபம் நியாயம்தான். ஆனால் அது சராசரி. பெட்டிக்குச் சரியாக ஒன்று என்று எண்ணி யாரும் போட்டு வைப்பதில்லை. அவர் சொன்னது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் 20-ல் 4 போவது எவ்வளவு அபூர்வம்?

பிளஸ் டூவில் நாணயத்தைச் சுண்டிச் சுண்டியே அலுத்துப்போன ஈருறுப்புப் பரவல் (பூவா தலையா, போகுமா போகாதா என இரண்டே முடிவுள்ள வாய்ப்புக் கணக்கு) இங்கேதான் உதவும். ஒரு பல்பு தாக்குப்பிடிக்க வாய்ப்பு 0.95. இருபதும் தாக்குப்பிடிக்க, 0.95-ஐ இருபது முறை பெருக்க வேண்டும்: சுமார் 35.8 சதவீதம். ஒன்று மட்டும் போக 37.7, இரண்டு போக 18.9, மூன்று போக 6. இவற்றைக் கூட்டி நூறில் கழித்தால், நாலோ அதற்கு மேலோ போகும் வாய்ப்பு 1.6 சதவீதம்தான். அதாவது இப்படி 20 பல்பு வாங்கிய அறுபத்து மூன்று பேரில் ஒருவர்.

சந்தேகப்பட இது போதும், பொய் என்று அடித்துச் சொல்லப் போதாது. அந்தத் தெருவில் எத்தனை பெட்டி விற்கிறது! அந்த ஒருவர் யாரோ ஒருவராக இருந்துதான் ஆக வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. ஒரு பல்பு போவதற்கும் அடுத்தது போவதற்கும் சம்பந்தமில்லை என்று நம்பித்தான் இந்தக் கணக்கு. நாலும் ஒரே அறையிலா? ஒரே நாளிலா? அப்படியானால் முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். வெவ்வேறு அறையில், வெவ்வேறு நாளில் என்றால் என் சந்தேகம் கடைக்காரர் பக்கம்தான். பில் இருக்கிறதா? இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போவதென்றாலும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில் இல்லாமல் பாதி விலைக்கு வாங்கியிருந்தால், சரி, பேசித்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: கொளத்தூரில் சின்னக் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். கோயம்பேட்டிலிருந்து கீரைக்கட்டு 15 ரூபாய்க்கு எடுத்து 20-க்கு விற்கிறேன். தினமும் சராசரியாக 4 கட்டு போகும். மிஞ்சினால் வாடிவிடும், குப்பைதான். எத்தனை எடுக்கலாம்?

பதில்: 3 எடுங்கள்.

யார் எப்போது கேட்பார் என்று தெரியாது, சராசரி மட்டும் தெரியும் என்றால் பாய்சான் பரவல். பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கை இதில் பொருந்துவதை 1898-ல் புள்ளியியலாளர் போர்ட்கீவிச் காட்டினார். கீரைக்கும் அதே கணக்குதான். சராசரி 4 என்றால், மூன்றோ அதற்கு மேலோ கேட்கப்படும் வாய்ப்பு 76 சதவீதம். நாலோ மேலோ என்றால் 57. நாலாவது கட்டு விற்றால் 5 ரூபாய் லாபம், விற்காவிட்டால் 15 ரூபாய் நஷ்டம். 57 தடவை ஐந்து வந்தால் 285, 43 தடவை பதினைந்து போனால் 645. கட்டுப்படியாகாது. மூன்றாவது கட்டோ 76-க்கு 380 கொடுத்து, 24-க்கு 360 எடுக்கும். ஏதோ தேறும்.

ஒன்று கேட்கிறேன்: அந்த 4, விற்ற கணக்கா, கேட்ட கணக்கா? கீரை தீர்ந்த பிறகு வந்து வெறுங்கையோடு போனவர்களை எண்ணாவிட்டால் உண்மையான சராசரி இன்னும் கூட. ஒரு வாரம் கேட்டவர்களை எல்லாம் நோட்டில் கோடு போட்டு வையுங்கள். அமாவாசை அன்று அகத்திக்கீரை கேட்டு வருபவர்களை மட்டும் தனிப் பக்கத்தில்.