மைனர் லீக் பேஸ்பால் அலுவலகத்தில் கோடைக்கால இன்டர்ன்ஷிப்: கேள்வி பதில்

(மைனர் லீக் என்பது, அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக்குக்கு வீரர்களைத் தயார் செய்யும் கீழ்நிலை லீக். அப்படி ஒரு அணியின் டிக்கெட் விற்பனைப் பிரிவில் பணியாற்றிய ஒருவர், மாணவர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.)

கேள்வி: வீரர்களைத் தேர்வு செய்வதில் இன்டர்னுக்குப் பங்கு கிடைக்குமா?

பதில்: கிடைக்காது, அணியின் உரிமையாளருக்கே கிடையாது. 2021இல் மைனர் லீக் சீரமைக்கப்பட்டு, மேஜர் லீக்கோடு இணைந்த அணிகள் 160இலிருந்து 120ஆகக் குறைக்கப்பட்டன. முப்பது மேஜர் லீக் அணிகளுக்கும் தலா நான்கு. வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் தருவது மேஜர் லீக் அணி என்பதால், யார் எங்கே ஆடுவது என்பதை முடிவு செய்வதும் அதுவே. சுவரொட்டியில் யாருடைய படத்தை அச்சிட்டோமோ அந்த வீரரையே மறுநாள் மேல்நிலைக்கு அழைத்துக்கொண்டாலும் நாம் எதுவும் சொல்ல முடியாது. ஆகவே, ஆட்டத்தை நம்பாமல் அந்த மாலைப்பொழுதை விற்பதுதான் நம் தொழில்.

கேள்வி: கீழ்மட்ட அணிக்குக் கூட்டம் வருமா?

பதில்: ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் டிராகன்ஸைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய நாள் முதல் எல்லா உள்ளூர் ஆட்டங்களுக்கும் டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்து, 2011இல் தொடர்ச்சியாக 815ஆவது ஆட்டத்தை எட்டியபோது, அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் அதுவரை போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ் கூடைப்பந்து அணி வைத்திருந்த சாதனையை அது முறியடித்தது.

கேள்வி: அன்றாட வேலை எப்படி இருக்கும்?

பதில்: பெரும்பாலும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியுடன் ஆறு ஆட்டங்கள் நடக்கும். காலையில் தொலைபேசிதான்: தேவாலயம், கோடை முகாம், தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவு, சிறுவர் லீக் அணிகள் என்று ஒவ்வொன்றாக அழைத்துக் குழு டிக்கெட் விற்க வேண்டும். சிறுவர் அணியிடம் தள்ளுபடியைப் பற்றிப் பேசுவதைவிட, ஆட்டத்துக்கு முன் பிள்ளைகள் சீருடையுடன் மைதானத்தைச் சுற்றி நடக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பிள்ளை நடந்தால் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று குடும்பமே டிக்கெட் வாங்கும். மாலையில் வாயிலில் நிற்பது, இன்னிங்ஸ் இடைவேளைகளில் ஸ்பான்சர் பெயரில் நடக்கும் போட்டிகளை நடத்துவது, தேவைப்பட்டால் அணியின் பொம்மை வேடத்துக்குள் புகுவது எல்லாம் உண்டு. ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கலாம் என்று நினைத்து வருபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

கேள்வி: மழை வந்தால் விடுமுறையா?

பதில்: மழை வந்தால்தான் வேலையே. விற்பனைப் பிரிவினர் உட்பட எல்லோரும் ஓடிப்போய் உள்மைதானத்தின் (பந்தடிப்பவர் ஓடும் தளங்கள் உள்ள பகுதி) மேல் பெரிய தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும். காற்று அடியில் புகுந்துவிட்டால் அது ஆளையே தூக்கப் பார்க்கும். இத்தனை அவசரத்துக்குக் காரணம் கணக்குதான். ரத்தான ஆட்டத்தை மறுநாள் (வழக்கமான ஒன்பதுக்குப் பதில்) ஏழு இன்னிங்ஸ் ஆட்டங்கள் இரண்டாக ஈடுகட்டலாம், ஆனால் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே டிக்கெட்தான். டிக்கெட் வாங்கியவருக்கு வழக்கமாகப் பணத்துக்குப் பதில் வேறொரு நாள் ஆட்டத்துக்கான டிக்கெட் கிடைக்கும். அந்த மாலையில் விற்றிருக்கக்கூடிய ஹாட் டாக், பீர், வாகன நிறுத்தக் கட்டணம் மட்டும் திரும்பி வராது. இந்தப் பாடத்தை எந்த மேலாண்மை வகுப்பையும்விடத் தார்ப்பாய் நன்றாகக் கற்றுத் தரும்.

கேள்வி: அறிவிக்கப்படும் பார்வையாளர் எண்ணிக்கை உண்மையானதா?

பதில்: பொதுவாக அது விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கை. உள்ளே வந்தவர்களை வாயிலில் ஸ்கேன் செய்த கணக்கு தனி. தின்பண்டக் கடைக்காரருக்கு இரண்டாவதுதான் முக்கியம். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கேள்வி: சம்பளம் உண்டா? எஃப்-1 எனும் மாணவர் விசாவில் சேரலாமா?

பதில்: மணிக்கூலி, மொத்தமாக ஒரு சிறு தொகை, கல்லூரி கிரெடிட் (பட்டப்படிப்பில் சேரும் பாட அலகு) மட்டும் என்று அணிக்கு அணி மாறும். ஆண்டுக்கு ஏழு மாதங்களுக்கு மேல் இயங்காத கேளிக்கை நிறுவனங்களுக்குக் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் விலக்கு இருப்பதால், வாடகைக்கு வழி என்ன என்பதை ஒப்புக்கொள்ளும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். எஃப்-1 மாணவர்களுக்குப் படிப்போடு இணைந்த பயிற்சிக்கான சி.பி.டி. அனுமதி, வேலை தொடங்கும் தேதிக்கு முன்பே, பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இளநிலை மாணவர்கள் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டை முடித்த பிறகே அதைப் பெற முடியும். ஆட்டங்கள் ஏப்ரலில் தொடங்கிவிடுவதால், குளிர்காலத்திலேயே விண்ணப்பித்துப் பணிக்கடிதத்தை வாங்கி, பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தை அணுகுங்கள்.